நாகர்கோவிலுக்குத் தனிப் பல்கலைக்கழகம்: தேவையா, இன்னொரு போர்டா?

தோவாளைக்காரன், ஜூன் 2, மாலை 6.10

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் முதலிடம். தெருவுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரு சான்றிதழில் இனிஷியல் திருத்த வேண்டுமானால்கூட திருநெல்வேலியைத் தாண்டி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு ஓட வேண்டும். நாகர்கோவில் 2019இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. நகருக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் கேட்டு மனு தயாரிக்கிறோம். கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 2, இரவு 9.45

எதிர்ப்பு இல்லை. ஆனால் கையெழுத்தும் இப்போதைக்குக் கிடையாது.

நான் இந்த மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். ஆயுளில் பாதி பல்கலைக்கழகங்களுக்குத் தபால் எழுதியே கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாகர்கோவில் கல்லூரிகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே இருந்த பல்கலைக்கழகம்தான் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. முதலில் சென்னை. 1937இல் திருவிதாங்கூர். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு மறுபடி சென்னை. 1966இல் மதுரை. 1990இலிருந்து மனோன்மணியம் சுந்தரனார். ஒவ்வொரு தடவையும் லெட்டர்ஹெட் மாறியது, ரப்பர் ஸ்டாம்ப் மாறியது, செலான் நிரப்பும் முறை மாறியது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன மாறியது? இதற்கு யாராவது பதில் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 2, இரவு 9.58

"தெருவுக்கு ஒரு கல்லூரி" கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவில் ஒரு டீக்கடையும் இரண்டு டியூஷன் சென்டரும்தான் இருக்கின்றன.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 3, காலை 7.20

"குமாரகோவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறதே" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். அது தனியார் நிகர்நிலை. தோவாளைக்காரன் கேட்பது அரசுடையது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இன்னொருவர், "நாகர்கோவிலுக்குக் கல்வி எல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து வந்ததுதானே" என்கிறார். ஓய், அது தலைகீழ். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தொபே 1809இல் மயிலாடியில் தொடங்கியது மிஷனின் கல்வி வேலை. 1818இல் மீட் வந்து அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்க நினைத்தபோது, நடத்துவதற்கு அழைத்தது நாகர்கோவிலில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ராபர்ட்ஸை. அந்தப் பள்ளி பின்னால் மகாராஜா கல்லூரியாகி, இன்று பாளையத்தில் யுனிவர்சிட்டி காலேஜ் என்ற பெயரில் நிற்கிறது. ஆக, அங்கே போட்ட விதை இங்கேயிருந்து போனது.

நம் ஊரில் மிஷன் நடத்திய செமினரி 1893இல் இரண்டாம் நிலைக் கல்லூரி ஆயிற்று. அதுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டாம் நிலை என்றால் பி.ஏ.வுக்கு முந்தின எஃப்.ஏ. வரைதான், பி.ஏ.வுக்கு வெளியூர் போக வேண்டும். மணிமேடையும் அதே 1893இல்தான் திறக்கப்பட்டது. அதிலிருக்கிற கடிகாரத்தைக் கொடுத்தவர் செமினரியோடு தொடர்புடைய டதி பாதிரியார். டதி பள்ளியில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பழைய சூப்பிரண்டு, ஜூன் 3, இரவு 10.15

நேற்று இரவு கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, கையெழுத்துகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. சரி, நானே கொஞ்சம் விளக்குகிறேன்.

1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் பல்கலைக்கழகம் கொடுத்தபோது, முன்மாதிரியாக வைத்துக்கொண்டது லண்டன் பல்கலைக்கழகத்தை. 1836இல் தொடங்கிய அந்த லண்டன் பல்கலைக்கழகம் அன்றைக்குப் பாடம் நடத்துகிற இடமே கிடையாது. கல்லூரிகள் பாடம் நடத்தும், அது பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும். சென்னையும் அப்படித்தான் பிறந்தது. அந்த 1857இலேயே சென்னையில் பி.ஏ. தேறிய முதல் இருவர் யார் தெரியுமா? சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் படித்தவர்கள் இந்தப் பக்கம் பட்டம் வாங்கினார்கள். பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை இவர்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு: நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காது. தாளில் எழுதியதற்கு மார்க். தெற்குத் திருவிதாங்கூரில், தெருவில் நடக்கவே தடை இருந்த சாதிகளின் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் படித்து, அதே பரீட்சையை அதே தாளில் எழுதினார்கள். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக, தோள்சீலைக்காக, 1859 வரை அடிபட்ட ஊர் இது. அந்தத் தாளின் மதிப்பை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

கெடுதல் என்னவென்றால், பல்கலைக்கழகம் என்றாலே பரீட்சை ஆபீஸ் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. தோவாளைக்காரனின் முதல் புகாரையே பாருங்கள்: இனிஷியல் திருத்தம். ஒரு நகரத்துக்குப் பல்கலைக்கழகம் கேட்கிற ஆள், நூலகம் வேண்டும் என்று கேட்கவில்லை, ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கவில்லை. கவுன்டர் பக்கத்தில் வேண்டும் என்கிறார்!

பழைய சூப்பிரண்டு, ஜூன் 4, காலை 6.50

தோவாளைக்காரன் கோபித்துக்கொண்டார். "இனிஷியலுக்காக ஒரு நாள் கூலியை இழந்தவனுக்குத்தான் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். நியாயம். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன் மக்கா. விடிகாலையில் வடசேரியில் பஸ் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றில் தூங்கி, வள்ளியூரில் கண் விழித்து, திருநெல்வேலியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போய் நின்றால் "செக்‌ஷன்ல ஆள் லீவு" என்பார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று சொல்ல மாட்டேன், எல்லாவற்றிலும் ஆள் லீவு போடுவது உண்டு. வளைகுடாவுக்குப் போகிற பையன்கள்தான் பாவம். விசா வந்திருக்கும், அட்டெஸ்டேஷனுக்கு முன்னால் பட்டம் உண்மையானதுதான் என்ற ஜெனூயின்னெஸ் சான்று வேண்டும், அது ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும். அப்பாக்கள் எங்கள் கல்லூரி ஆபீஸ் வாசலில் வந்து "சாரே, ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கோ" என்று நிற்பார்கள். சூப்பிரண்டு போன் பண்ணினால் பல்கலைக்கழகம் நடுங்கும் என்ற நம்பிக்கை!

ஆனால் இதற்கு ஒரு கிளை அலுவலகம் போதும். நாலு மேஜை, ஒரு நெட் கனெக்‌ஷன். துணைவேந்தர் வேண்டாம்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 4, மதியம் 2.30

வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்பா ஸ்காட்டில் படித்தவர், அவருடையது திருவிதாங்கூர் பல்கலைக்கழகப் பட்டம். சித்தி 1961இல் பி.யூ.சி. தேறியது சென்னைப் பல்கலைக்கழகத்தில். என்னுடையது 1977, மதுரைப் பல்கலைக்கழகம் என்று மொட்டையாக இருக்கும். அடுத்த ஆண்டுதான் அதற்குக் காமராசர் பெயர் வைத்தார்கள். மகளுடையது மனோன்மணியம் சுந்தரனார். யாரும் இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்ப் படிக்கவில்லை. ஒரே வீட்டில் நாலு பல்கலைக்கழகம்.

கேரளா என்ற பெயர் மட்டும் எங்கள் பெட்டியில் இல்லை. 1957இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆனபோது நாம் ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 4, இரவு 9.10

குழித்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஒரு மணிக்கூர். திருநெல்வேலி மூன்று மணிக்கூர். 1956இல் பிரிந்ததில் எங்களுக்குப் போனது பல்கலைக்கழகம்தான்."

இதில் உண்மை இருக்கிறது. அந்தப் பக்கத்து விளவங்கோட்டுக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்துப் பாளையம் பக்கத்து வீடு. அங்கே கேரளப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நகரின் நட்டநடுவில் இருக்கிறது. சட்டசபை, பொது நூலகம், யுனிவர்சிட்டி காலேஜ் எல்லாம் நடந்து போகிற தூரம். பாடப்பிரிவுகள் பலவும் காரியவட்டத்துக்குப் போய்விட்டாலும், நகரப் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குக் கிட்டத்தில் உள்ள இடம் அதுதான்.

ஆனால் 1937இல் அது பிறந்தபோது நம்மை மனதில் வைத்துப் பிறந்ததா? மன்னர் சித்திரைத் திருநாள் நவம்பர் 1ஆம் தேதி பிரகடனம் செய்தார், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. நோக்கங்கள் பெரியவை: தொழில்நுட்பக் கல்வி, ஆராய்ச்சி, அப்புறம் கேரளக் கலையையும் பண்பாட்டையும் பேணுவது. நாஞ்சில் நாட்டில் தமிழ் பேசி வயல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கடைசி நோக்கத்தில் என்ன இடம்? தமிழுக்கு அங்கே பேராசிரியர் இருக்கை வந்தது அழகப்பச் செட்டியார் பணம் கொடுத்த பிறகு. வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவர் இருந்த கடைசி ஆண்டில்தான், ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. அதனால் "எங்களுக்குப் போனது பல்கலைக்கழகம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 4, இரவு 9.25

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1952இல் தொடங்கிய இந்துக் கல்லூரியின் பெயரில் இன்றுவரை "தென் திருவிதாங்கூர்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமஸ்தானம் போய், மாநிலம் மாறி, அஞ்சு எழுத்தில் கவரின் மேல் மட்டும் உயிரோடு இருக்கிறது: எஸ்.டி.எச்.சி.என். வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள் நமக்கே தலை சுற்றும்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 6, காலை 8.00

நியூயார்க் பக்கம் இருக்கிற ஒரு வாசகர், அங்கே சிட்டி காலேஜ் என்று ஒன்று இருப்பதை நான் அறிவேனா என்று கேட்டார். கேள்விப்பட்டதுதான். 1847இல் ஃப்ரீ அகாடமி என்ற பெயரில் தொடங்கினார்கள், டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வியாபாரி முன்னின்று வாதாடி, ஊர் மக்கள் வாக்களித்து வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள், வேறு கல்லூரிகள் வாசலில் நிறுத்திய யூதப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே படித்தார்கள். 1970இல் பள்ளி முடித்த யார் வந்தாலும் இடம் என்று கதவைத் திறந்தார்கள். 1976இல் நகராட்சிக் கஜானா காலியானதும் கட்டணம் வந்தது. நூறு ஆண்டுக்கு மேல் இலவசமாக ஓடியது, எல்லாரும் உள்ளே வரத் தொடங்கிய ஆறே வருடத்தில் காசு கேட்டது. இதைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை, நம் ஊர் செல்ஃப் பைனான்ஸ் பிரிவுகளைப் பார்த்தவர்களுக்குக் கருத்து தானாக வரும்.

ஒரே கட்டடம். காலை வகுப்பில் எய்டட் பையன், கட்டணம் சில ஆயிரத்துக்குள். மாலை வகுப்பில் செல்ஃப் பைனான்ஸ் பெண், கட்டணம் பல மடங்கு. அதே கரும்பலகை, அதே பல்கலைக்கழகம், அதே கேள்வித்தாள். ரசீதுப் புத்தகம் மட்டும் இரண்டு. இரண்டையும் நான்தான் எழுதினேன்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 6, இரவு 10.40

மதுரையைப் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்குக் கேட்டால் நம் மாவட்டத்துக்கு அதிகம் உதவியது அதுதான்.

1966இல் தொடங்கியது, தெ.பொ.மீ. முதல் துணைவேந்தர், பின்னால் மு.வ. இருந்தார். அந்தப் பெருமையெல்லாம் ஒரு பக்கம். நான் சொல்ல வருவது அஞ்சல்வழிக் கல்வி. 1971இல் தொடங்கினார்கள். என் மனைவி பள்ளி ஆசிரியை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனவள். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அதற்கப்புறம் பி.ஏ. எழுதினாள். பாடம் தபாலில் வரும். இரவு பிள்ளை தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து படிப்பாள். பட்டம் வந்ததும் சம்பள இன்கிரிமென்ட் வந்தது, பதவி உயர்வு வந்தது. நான் கல்லூரிக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு எம்.ஏ. எழுதாமல் விட்டவன். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் காலத்தில் தபால்காரர் கையில் பழுப்புக் கவர் கட்டுக்கட்டாக வரும். பீடி சுற்றுகிற வீடு, கயிறு திரிக்கிற வீடு, மிலிட்டரியில் இருப்பவர் வீடு, எல்லா இடத்துக்கும். மதுரை இங்கிருந்து 240 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பல்கலைக்கழகத்தை நேரில் பார்க்காமலே பட்டதாரி ஆனவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அதனால் தோவாளைக்காரரே, பக்கத்தில் இருந்தால்தான் நம்முடையது என்பதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 7, காலை 7.05

"அபிஷேகப்பட்டி நம்முடையது இல்லை, திருநெல்வேலிக்காரர்களுடையது" என்று எழுதியிருப்பவருக்கு: பெயரையாவது பாருங்கள் அண்ணாச்சி. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், திருநெல்வேலியில் இந்துக் கல்லூரியில் வேலை பார்த்தவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அங்கிருந்துகொண்டு 1891இல் வெளியிட்ட மனோன்மணியம் நாடகத்தின் வாழ்த்துப் பாட்டுதான் 1970 முதல் நாம் எழுந்து நிற்கிற தமிழ்த்தாய் வாழ்த்து. வேணாட்டுக்கும் பாண்டிக்கும் நடுவில் வாழ்ந்த மனிதர். அந்தப் பெயரில் அதிக உரிமை நமக்குத்தான்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 7, இரவு 8.50

காலையில் எழுதியதைப் பார்த்துவிட்டு, "பெயர் சோறு போடுமா" என்று கேட்கிறார் கடற்கரைப் பக்கத்து வாசகர் ஒருவர். அவர் எழுதிய மீதி விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. இழை தொடங்கி இத்தனை நாளாகிறது, தோவாளைக்காரன் உட்பட ஒருவரும் அதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகமே இல்லாத மாவட்டம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அதன் ஒரு துறை நம் கரையிலேயே உட்கார்ந்து இறாலும் பாசியும் ஆராய்கிறது.

ஒரு பொதுப் பல்கலைக்கழகம் ஒரு ஊருக்கு எதற்கு என்பதற்கு அந்தக் கடற்கரை நல்ல விடை. மணவாளக்குறிச்சியில் மணலில் தாதுக்கள் எடுக்கிறார்கள், அதனால் ஆபத்தா இல்லையா என்று ஊருக்குள் எத்தனையோ பேச்சு. தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கிடப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குள் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எந்தப் படகு எங்கே கிடக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் மனக்கணக்காகச் சொன்னார்கள். அந்தக் கணக்கை அளந்து, எழுதி, வரைபடமாக்கி வைத்திருக்க வேண்டிய இடம் எது? கல்லூரி செய்யாது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கிற ஆசிரியருக்கு அதற்கு நேரம் கிடையாது. ரப்பர் பால் விலை, வாழையில் வாடல், குளங்கள் தூர்ந்தது, இதற்கெல்லாமும் அதே பதில்தான்.

ஆக, பரீட்சை ஆபீஸுக்குக் கிளை போதும் என்று சொன்னதில் மாற்றமில்லை. ஆராய்ச்சிக்குக் கிளை போதாது.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 7, இரவு 9.02

ஒக்கியைப் பற்றி எழுதியதற்கு வந்த பதில்களில் அரசியல் வேண்டாம். எந்தக் கட்சி எத்தனை நாளில் வந்தது என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 9, காலை 6.30

இரண்டு நாளாக ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன்.

நம் கல்லூரிகளின் பட்டியலைப் பாருங்கள். ஸ்காட், சி.எஸ்.ஐ. சபையுடையது. இந்துக் கல்லூரி, பெயரிலேயே இருக்கிறது. ஹோலிகிராஸ் 1965, கத்தோலிக்கச் சகோதரிகள். அதே ஆண்டு அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா. திருவிதாங்கோட்டில் முஸ்லிம் கலைக் கல்லூரி. ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பிடியரிசி சேர்த்துக் கட்டியது. அதில் கௌரவம்தான், குறை கிடையாது. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். என் மேஜையில் விண்ணப்பம் வரும்போது நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நிர்வாகக் குழு, வேலை, மேடை, விழா என்று வந்தால் அது இன்னாருடைய கல்லூரி என்று ஊரே சொல்லும். இன்னாருக்கு அங்கே கிடைக்கும், இன்னாருக்கு இங்கே கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைகளையே அனுப்புவோம். அரசுக் கலைக் கல்லூரி கோணத்துக்கு வந்தது மிகவும் பிந்தித்தான்.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது நான் வேலைக்குப் புதிது. கல்லூரி மூடியிருந்தது. திறந்த பிறகு ஸ்டாஃப் ரூமில் வருடக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் சில நாள் தனித்தனி மேஜையில் சாப்பிட்டார்கள். அப்புறம் சேர்ந்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாட்களில் இந்த நகரத்தில் இரண்டு தரப்பும் "இது நம் இரண்டு பேருக்கும் பொது" என்று வந்து உட்கார்ந்து பேச ஒரு படிப்பிடம் இல்லை. கலெக்டர் ஆபீஸில்தான் சமாதானக் கூட்டம் போட்டார்கள். போலீஸ் காவலோடு.

இதுதான் எனக்குத் தோன்றுகிற காரணம். தூரத்தையும் இனிஷியலையும் விட இது பெரிது. எந்தச் சபைக்கும் எந்தச் சமுதாயத்துக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய கல்வி நிறுவனம், நகரத்துக்குள், எல்லாரும் நடந்து உள்ளே போகிற இடத்தில். அந்த விதத்தில் பல்கலைக்கழகம் வேண்டும் என்கிறேன். தோவாளைக்காரரே, மனுவின் முதல் பத்தியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 9, மாலை 5.15

"அரசுப் பல்கலைக்கழகத்தில் மட்டும் சாதி இல்லையா? துணைவேந்தர் நியமனத்திலிருந்து வாட்ச்மேன் நியமனம் வரை இருக்கிறதே" என்று கல்லூரிப் பேராசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது அம்மா. ஆனால் அங்கே இடஒதுக்கீட்டு ரோஸ்டர் உண்டு, தகவல் அறியும் சட்டத்தில் கேள்வி போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். தவறு நடந்தால் "எங்கள் நிறுவனம், எங்கள் இஷ்டம்" என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால் இது கொஞ்சமில்லை.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் திணறுகிறேன். காசு எங்கிருந்து வரும்? இணைப்புக் கல்லூரிகளை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த வருமானம் என்பது பெரும்பாலும் அபிலியேஷன் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும். குமரிக் கல்லூரிகளைப் பிரித்தால் அபிஷேகப்பட்டிக்கு வருமானம் குறையும், நமக்கும் போதாது. ஒரு பானைச் சோற்றை இரண்டு பானையில் போட்டால் சோறு கூடிவிடாது. விழுப்புரத்தில் நடந்தது நினைவிருக்கும். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து 2021 தொடக்கத்தில் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கச் சட்டம் போட்டார்கள். யார் செய்தது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளுக்கு எந்த லெட்டர்ஹெட் என்று அங்கே ஒரு கிளார்க் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார், என் அனுதாபம் அவருக்கு.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 11, இரவு 9.30

மனுவின் புது வரைவைத் தோவாளைக்காரன் அனுப்பியிருந்தார். படித்தேன், கொள்ளாம். "உலகத் தரம்" என்று மூன்று இடத்தில் வருகிறது, எடுத்துவிடுங்கள். "ஐந்நூறு ஏக்கர்" என்பதையும் எடுங்கள். நாஞ்சில் நாட்டில் ஐந்நூறு ஏக்கர் என்றால் யாருடைய வயல்? நிலம் கேட்டால் அரசு ஊருக்கு வெளியே மலையடிவாரத்தைக் காட்டும், அப்புறம் அபிஷேகப்பட்டிக்கும் அதற்கும் என்ன வேறுபாடு.

நான் சேர்க்கச் சொல்வது இவை. சான்றிதழ், திருத்தம், ஜெனூயின்னெஸ் எல்லாவற்றுக்கும் உடனடியாக நாகர்கோவிலில் ஒரு கிளை அலுவலகம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, இந்த வருடமே செய்யலாம். ராஜாக்கமங்கலம் மையத்துக்கு ஆசிரியர் பணியிடங்களும் ஆராய்ச்சிப் படகும். நகருக்குள் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு நூலகம், இரவு பத்து மணி வரை, கல்லூரி அடையாள அட்டை கேட்காமல் யாரையும் உள்ளே விடுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரப் பட்ட வகுப்பு, எய்டட் கட்டணத்தில். இவை நடந்து நிலைத்த பிறகு தனிப் பல்கலைக்கழகச் சட்டம்.

"பின்னால் இருந்து தொடங்குகிறீர்களே" என்பார் தோவாளைக்காரன். ஸ்காட்டும் அப்படித்தான் தொடங்கியது. முதலில் பள்ளி, அப்புறம் செமினரி, அப்புறம் கல்லூரி. சட்டமும் சீலும் பிறகுதான் வந்து சேர்ந்தன.

பழைய சூப்பிரண்டு, ஜூன் 12, காலை 7.40

நூலகத்தை எங்கே வைப்பது என்பதில் இரவோடு இரவாக அறுபது பதிவு வந்திருக்கிறது. வடசேரியா, மீனாட்சிபுரமா, கோணமா. குழித்துறைக்காரர் மார்த்தாண்டம் என்கிறார். குளச்சல்காரர் ஒருவர், துறைமுகம் உள்ள ஊருக்குத்தான் உரிமை என்று 1741 போர் வரைக்கும் போய்விட்டார். டச்சுக்காரனைத் தோற்கடித்ததற்கு நூலகமா பரிசு?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரிசை எண் 212. இடத்தைப் பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை. என் மனைவிக்கு மட்டும் ஒரு கருத்து உண்டு: பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் போகிற இடமாக இருக்க வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை பூட்டாமல் இருக்க வேண்டும். அதை மனுவில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.